டப்பாவில் அடங்காத இரைச்சல்

நூலகர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சனிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்த முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்று அறிவித்தார்.

"இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும். இல்ல நான் இருக்கணும்."

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எது?"

"அந்த இரைச்சல்."

"அது இருந்துட்டுப் போகட்டுங்க. அது பாட்டுக்கு ஒரு மூலைல முனகிக்கிட்டுக் கிடக்கு. துண்டு எங்கன்னு கேக்குதா, குழம்புல உப்பு இல்லைன்னு சொல்லுதா?"

நூலகருக்கு இது சரியான தொடக்கமாகப் படவில்லை. ஆனால் அவர் பின்வாங்குகிற ஆள் இல்லை. கல்லூரி நூலகத்தில் அவர் புருவத்தைத் தூக்கினால் போதும், ஹால் முழுக்க மாணவர்கள் மூச்சை மெதுவாக விடுவார்கள். 'அமைதி காக்கவும்' என்று சுவரில் ஒரு பலகை தொங்கியது. அவர் சேர்ந்த பிறகு அந்தப் பலகையை யாரும் படித்ததில்லை. அவர் முகத்திலேயே அது எழுதியிருந்தது. அப்பேர்ப்பட்டவருக்கு, சொந்த வீட்டில், சொந்தக் கையால் செய்த ஒரு பெட்டியை வாயடைக்க முடியவில்லை. பெட்டியைச் செய்ததே பாட வைக்கத்தான் என்பது வேறு விஷயம்.

பெட்டி என்றால் ஆம்ப்ளிஃபயர். பழைய இசைத்தட்டுகளைக் கேட்பதற்காக, வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியாகப் பற்றவைத்துச் சேர்த்தது. கடையில் வாங்குவதெல்லாம் காதுக்குத் துரோகம் என்பது அவர் கட்சி. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள், கையடக்கமாக, ஒரு சின்ன சூட்கேஸ் அளவில் அடக்கியிருந்தார். அதுதான் அவருக்குப் பெருமை. தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தால் வயலின் வரும். வயலினுக்கு அடியில், அசையாமல், அலுக்காமல், 'ங்ங்ம்ம்ம்' என்று ஒன்று கூடவே வரும்.

முதல்முறை அதைக் கேட்டபோது மனைவி கேட்டாள், "வயலின் வாசிக்கிறவர் ஏன் மாவு மில்லுல உக்காந்து வாசிக்கிறார்?"

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சகலை சொன்னது. மனைவியின் அக்கா புருஷன். ஊருக்கெல்லாம் தண்ணீர் பம்பு விற்கிறவர். போன மாதம் வந்தவர் கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, ரொம்ப நேரம் ரசித்தார். நூலகருக்குப் புல்லரித்துவிட்டது. பிறகு சகலை கண்ணைத் திறந்து, "நல்ல ஓட்டம் சகலை. மோட்டார் அரை ஹெச்.பி. இருக்குமா?" என்றார்.

அன்றிலிருந்து நூலகர் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாவது தடவை போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டேன்," என்றார் இப்போது. "பெட்டிக்குள்ள ரெண்டு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. பெரிசு வீட்டுக் கரண்டை வாங்கிக் குறைச்சுக் கொடுக்கும். அது வேலை செய்யும்போது சும்மா இருக்காது. சுத்திலும் காந்தத்தைப் பரப்பிக்கிட்டே இருக்கும். சின்னது தீப்பெட்டி சைசு. ஊசியில இருந்து வர்ற பாட்டை வாங்கி அனுப்பறது அதோட வேலை. பாவம், சாது. பக்கத்துல பெரிசு முனகுறதை இதுவும் வாங்கிக்கிட்டு, பாட்டோட சேர்த்து அனுப்பிடுது."

"அதாவது உங்க அக்கா ஃபோன் பேசி வச்சதும் நீங்க வந்து அதையே என்கிட்ட முனகுவீங்களே, அந்த மாதிரி."

நூலகருக்கு அந்த உவமை பிடிக்கவில்லை. ஆனால் விஞ்ஞானப்படி அதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

"சின்னதுக்கு ஒரு கவசம் போடணும். காந்தம் உள்ள நுழையாத மாதிரி."

"போன வாரம்தான் அலுமினியத் தாள்ல சுத்தினீங்களே. சாப்பாட்டுப் பொட்டலம் மாதிரி அம்சமா இருந்துச்சு."

"அலுமினியத்தைக் காந்தம் மதிக்காது. இரும்பு வேணும். அந்தக் காந்தம் அடங்கினாத்தான் எனக்குச் சாந்தம்."

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்குச் சாந்தம் அந்தப் பின்னாடி ரூம் கிடைச்சா."

இது பழைய வழக்கு. அவள் தையல்காரி. திரைச்சீலை, தலையணை உறை என்று ஆரம்பித்து, இப்போது ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். மோட்டார் வைத்த தையல் மிஷின் படுக்கையறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நின்றது. நூலகர் படுப்பதென்றால் மிஷினைச் சுற்றிவந்து, கத்தரிக்கோலைத் தாண்டி, ஒரு பக்கமாகச் சரிந்து விழ வேண்டும். காலையில் எழுந்தால் உடம்பில் எங்காவது நூல் ஒட்டியிருக்கும். ஒருநாள் முதுகில் ஒரு காலரோடு நூலகத்துக்குப் போய்விட்டார். மாணவர்கள் புருவத்துக்குப் பயந்து சொல்லவில்லை.

"பாரு," என்றார் நூலகர். "அடுத்த ஞாயிறு உங்க அக்காவையும் அத்தானையும் சாப்பிடக் கூப்பிடு. அவங்க முன்னாடி பெட்டியைப் போட்டுக் காட்டறேன். இரைச்சல் இருந்தா ரூம் உனக்கு."

"இல்லைன்னா?"

"ரூம் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது."

மனைவி கத்தியை மறுபடி எடுத்தாள். "சரி," என்றாள். நறுக்கென்று இன்னொரு வெங்காயம் இரண்டானது.

உடைந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து வட்டக் காந்தத்தைக் கழற்றி, கயிற்றில் கட்டிக்கொண்டு நூலகர் சமையலறையில் இறங்கினார். பாத்திரம் பாத்திரமாகக் காந்தத்தை வைத்துப் பார்த்தார். எவர்சில்வர் ஒன்றும் ஒட்டவில்லை. பளபளப்பெல்லாம் வெளிவேஷம் என்று அவற்றை ஒதுக்கினார். இரும்புச் சட்டி 'டக்' என்று பிடித்துக்கொண்டது, ஆனால் அதற்குள் டிரான்ஸ்ஃபார்மரை வைத்தால் மூட வழியில்லை. காந்தம் மனைவியின் கத்தரிக்கோலில் ஒட்டியது. ஃப்ரிட்ஜில் ஒட்டி, வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசியில் சர்க்கரை டப்பாவில் ஒட்டியது. அலமாரி மேலிருந்த வட்டமான பிஸ்கட் டப்பாவில் அதைவிட ஆசையாக ஒட்டியது.

"கல்யாணம் ஆன புதுசுல இருந்த ஈர்ப்பெல்லாம் இப்ப டப்பா மேலதான்," என்றது பின்னால் ஒரு குரல்.

"அஞ்சு நிமிஷம். பார்த்துட்டுக் கொடுத்துடறேன்."

"சர்க்கரையை?"

"சட்டியில கொட்டியிருக்கேன்."

"பிஸ்கட் டப்பாவுல என் பட்டன் இருக்கு. கொக்கி இருக்கு. ஊசி இருக்கு."

"பத்திரமா ஒரு உறையில போட்டிருக்கேன்."

எந்த உறை என்று அவள் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நூலகர் தலையணையில் தலை வைத்தபோது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

காதோரம் பிளாஸ்திரியோடு வேலை தொடர்ந்தது. சின்ன டிரான்ஸ்ஃபார்மரைச் சர்க்கரை டப்பாவுக்குள் வைத்தார். இரைச்சல் குறைந்தது. சர்க்கரை டப்பாவைப் பட்டன் டப்பாவுக்குள் வைத்தார். இன்னும் குறைந்தது. ஆனால் போகவில்லை. பெட்டியும் மூடவில்லை. இரண்டு டப்பாக்களும் வெளியே தலையை நீட்டிக்கொண்டு, பெட்டிக்குப் பிரசவம் ஆகப் போவது மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

அவள் காது கொடுத்துக் கேட்டாள். "கால் ஹெச்.பி."

அதற்கு மேல் வீட்டு டப்பாக்களால் ஆகாது என்று நூலகருக்குப் புரிந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய சாமான் கடை வைத்திருந்தவரிடம் போனார். பழைய டேப் ரெக்கார்டர்களின் வயிற்றைக் கிழித்துக் குடல் குடலாகத் தொங்கவிட்டிருக்கும் கடை. விஷயத்தைக் கேட்டுவிட்டு கடைக்காரர் ஒரு டிராயரைத் துழாவி, சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

"இது சாதா இரும்பு இல்ல சார். இதுக்குன்னே செஞ்ச கலவை. காந்தத்தை அப்படியே குடிச்சுடும். ஆனா ஒண்ணு. அடிக்கக் கூடாது, வளைக்கக் கூடாது, கீழ போடக் கூடாது. அடி பட்டா குணம் போயிடும். அப்புறம் இது வெறும் தகரம்."

நூலகர் அதைக் கைக்குட்டையில் சுற்றி, பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவது மாதிரி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வந்ததும் பெட்டியைத் திறந்து, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் மேல் அந்த டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். 'ங்ங்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்த இரைச்சல், குளத்தில் கல் மூழ்கியது மாதிரி, சட்டென்று அடங்கியது. நூலகருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியைக் கூப்பிட வாயெடுத்தார். முழுசாக மாட்டிவிட்டுக் கூப்பிடுவோம் என்று நிறுத்திக்கொண்டார். அதுதான் தப்பு. டப்பா முழுசாகக் கீழே இறங்கவில்லை. ஒரு மயிரிழை இடித்தது. பெட்டி மூடி உட்காரவில்லை.

ஒரே ஒரு தட்டு தட்டினால் உட்கார்ந்துவிடும். கடைக்காரர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் அவர் சொன்னது அடிக்கக் கூடாது என்று. இது அடி இல்லை. செல்லமாகத் தட்டுவது. நூலகர் சுத்தியலை எடுத்துச் செல்லமாகத் தட்டினார். உட்காரவில்லை. கொஞ்சம் பாசமாகத் தட்டினார். உட்கார்ந்தது. மூடியும் மூடியது.

சுவிட்சைப் போட்டார்.

'ங்ங்ம்ம்ம்.'

பக்கத்து அறையில் தையல் மிஷின் நின்றது. "என்னங்க, தட்டினீங்களா?"

"இல்லையே."

"தட்டுற சத்தம் கேட்டுச்சு."

"செல்லமா."

சூளையில் வைத்துப் பக்குவமாகச் சூடாக்கி ஆற்றினால் போன குணம் திரும்பும் என்று எங்கோ படித்திருந்தார். வீட்டில் சூளை இல்லை. கேஸ் அடுப்பு இருந்தது. மனைவி வந்து பார்த்தபோது அவர் இடுக்கியால் டப்பாவைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ராத்திரிக்கு இதுதானா?"

"கிண்டல் பண்ணாதே."

"இல்லைங்க. ரெண்டு பக்கமும் சிவக்க விடுங்கன்னு சொல்ல வந்தேன்."

டப்பா கறுத்தது. குணம் திரும்பவில்லை. சூளைச் சூடு எங்கே, சாதம் வைக்கிற அடுப்பு எங்கே.

ஞாயிறு நெருங்கியது. வெள்ளிக்கிழமை மதியம் நூலகத்தில், புத்தக அலமாரிகளுக்கு நடுவே நின்று, நூலகர் தோல்வியைப் பற்றி யோசித்தார். ரூம் போனால்கூடப் பரவாயில்லை. சகலை மறுபடி தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஹெச்.பி. சொல்லுவாரே, அதைத்தான் தாங்க முடியாது. அப்போது உதவி நூலகர் மேஜையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்ததைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. வயரே கிடையாது. சார்ஜ் போட்டுவிட்டால் போதும், ஃபோனில் ஓடும் பாட்டு இதில் வரும். உதவி நூலகர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாட்டுக் கேட்க வைத்திருப்பது. அதையெல்லாம் காதுக்குத் துரோகம் என்று நூலகரே பல தடவை கண்டித்திருக்கிறார்.

"ரெண்டு நாளைக்கு இதைக் கொஞ்சம் கொடுக்கிறீங்களா?" என்று கேட்டபோது அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

திட்டம் எளிது. பெட்டியோடு இணைத்த ஸ்பீக்கர் கூண்டுக்குள், துணிக்குப் பின்னால், இந்த எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைப்பது. பெட்டியை ஆன் செய்து, ஒலியை அடியோடு குறைத்து வைப்பது. தட்டு சுழலும், ஊசி இறங்கும், பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். பாட்டு மட்டும் சட்டைப் பையில் இருக்கும் ஃபோனிலிருந்து போகும். அதே வயலின், அதே வாசிப்பு. தேடிப் பிடித்து வைத்துவிட்டார். சனிக்கிழமை, மனைவி பட்டன் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது ஒத்திகையும் பார்த்தார். கேட்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இது சும்மா ஒருநாள் ஏற்பாடு, அடுத்த வாரம் உண்மையிலேயே சரிசெய்துவிடுவோம் என்று தன் மனசாட்சிக்கும் ஒரு கவசம் போட்டுக்கொண்டார். மனசாட்சியின் இரைச்சலுக்கு அது போதுமாக இருந்தது.

ஞாயிறு மதியம் சகலையும் மனைவியின் அக்காவும் வந்தார்கள். சாப்பாடு முடிந்தது. பெட்டியையும் தட்டுச் சுழற்றியையும் கூண்டையும் நூலகர் முன்னறைக்குக் கொண்டுவந்து, பெட்டியையும் சுழற்றியையும் தனித்தனி பிளக்கில் மாட்டி, சுவிட்சைப் போட்டு, சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டார். பிறகு தட்டைத் துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது மூலையில் மனைவி கோட்டுகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்கு இது?"

"சாயங்காலம் ஆஸ்பத்திரில இருந்து வந்து எடுத்துட்டுப் போவாங்க. நீங்க ஆரம்பிங்க. நான் இங்க இருந்தே கேக்கறேன்."

நூலகர் தொண்டையைக் கனைத்தார். காந்தக் கவசம் பற்றி ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். சகலை மரியாதையாகக் கொட்டாவி விட்டார். ஊசியைத் தட்டில் இறக்கி, மார்பில் கை வைத்து வணங்குவது மாதிரி சட்டைப் பையைத் தொட்டார்.

வயலின் வந்தது. வெறும் வயலின். அடியில் ஒன்றும் இல்லை. கண்ணாடித் தரையில் தண்ணீர் ஓடுவது மாதிரி அவ்வளவு சுத்தமாக வந்தது.

சகலை தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார். அந்தப் பக்கம் சாய்த்தார். கண்ணைத் திறந்தார்.

"மோட்டார் எங்க சகலை?"

"போச்சு," என்றார் நூலகர், பெருந்தன்மையாக.

"சுத்தமா இல்லையே. எழுந்து வந்து கைகொடுக்கணும் போல இருக்கு." எழுந்து வந்து கையும் கொடுத்தார். நூலகர் கையைக் குலுக்கிக்கொண்டே, வெற்றிப் பார்வை ஒன்றைப் பெட்டியின் பக்கம் திருப்பினார்.

சிவப்பு விளக்கு எரியவில்லை.

கை குலுங்கிக்கொண்டிருந்தது. வயலின் பாடிக்கொண்டிருந்தது. நூலகரின் கண் பெட்டியின் பின்னாலிருந்து புறப்பட்ட கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டு போனது. மேஜைக்குக் கீழே இறங்கி, சுவரோரமாக ஊர்ந்து, இஸ்திரி மேஜையின் கால் வரை போய் அது முடிந்தது. பிளக் தரையில் மல்லாந்து கிடந்தது. சுவரில் அது இருக்க வேண்டிய இடத்தில் இஸ்திரிப் பெட்டியின் பிளக் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

மெதுவாகக் கண்ணை உயர்த்தினார். மனைவி அவரைப் பார்க்கவில்லை. பிளக்கைப் பார்த்தாள். பாடுகிற பெட்டியைப் பார்த்தாள். மறுபடி பிளக்கைப் பார்த்தாள். கோட்டின் காலரைத் திருப்பிப் போட்டு, அமைதியாகத் தேய்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றாள்.

நூலகர் சகலையின் கையை மெதுவாக விட்டார்.

"கரண்ட் நிறைய இழுக்குமோ?" என்று சகலை கேட்டார். தொழில் புத்தி.

"இழுக்கவே இல்ல அத்தான்," என்றாள் அவள். "துளிகூட இழுக்கல."

"அப்படியா? அது எப்படி சகலை?"

"கவசம்," என்றார் நூலகர். வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

"பிரமாதம். இனிமே இதை எங்க வைக்கப் போறீங்க?"

"பின்னாடி ரூம்லதான். இதுக்குன்னே இருக்கிற ரூம்."

மனைவி குனிந்து, தரையில் கிடந்த பிளக்கைக் கையில் எடுத்தாள். ஒரு துண்டுத் துணியால் அதன் ஒரு காலைத் துடைத்தாள்.

"இருந்த ரூம்," என்றார் நூலகர்.

"இருந்த ரூமா?"

"இனிமே எதுக்கு சகலை? வேலைதான் முடிஞ்சிருச்சே. அதை இவளுக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன். மிஷினைப் போட்டுக்கட்டும்."

"வேண்டாங்க," என்றாள் மனைவி. "பந்தயத்துல நீங்க ஜெயிச்சிருக்கீங்க. ரூம் பத்தி நான் வாய் திறக்கக் கூடாது." பிளக்கின் இரண்டாவது காலைத் துடைத்தாள்.

"நீ வாய் திறக்க வேண்டாம். நானாத்தான் கொடுக்கறேன்."

"மேஜையை நீங்க எடுத்துக்குவீங்க."

"மேஜை இல்லாம துணியை எதுல வச்சு வெட்டுவே? இருக்கட்டும்."

"அந்த அலமாரி வேணுமே உங்களுக்கு."

நூலகர் கொஞ்சம் தயங்கினார். அந்த அலமாரி பர்மா தேக்கு. அதில் ஒவ்வொரு தட்டிலும் வால்வுகளும் சுருள்களும் ரகவாரியாகப் பிரித்து வைத்திருந்தார். மனைவி மூன்றாவது காலைத் துடைத்து முடித்து, பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அலமாரியும் சேர்த்துத்தான்," என்றார்.

சகலை நெகிழ்ந்துவிட்டார். மனைவியின் அக்கா சகலையைப் பார்த்து, "கேட்டீங்களா? கேக்காமலே கொடுக்கிறார். இவரும் ஒரு புருஷன்தான்," என்றாள். சகலையின் நெகிழ்ச்சி அத்தோடு நின்றது.

அவர்கள் போன பிறகு நூலகர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். கூண்டுக்குள்ளிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். மனைவி அதைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"இதுதானா? அழகா இருக்கு."

"உங்க அத்தான்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

"அத்தான்கிட்டயா? ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்க. என் புருஷன் மானம் எனக்குப் பெரிசில்லையா?"

நூலகருக்கு நிம்மதியாக இருந்தது. என்ன இருந்தாலும் நல்லவள்.

மறுநாளே பின்னறை காலியானது. தையல் மிஷின் ஜன்னலோரம் போனது. பெரிய மேஜையில் வெள்ளைத் துணி விரிந்தது. நூலகரின் சாமான்கள் அட்டைப் பெட்டிகளில் கட்டிலுக்கு அடியில் போயின. ஆம்ப்ளிஃபயருக்கு முன்னறைச் சுவர் அலமாரியில் மேல்தட்டு ஒதுக்கப்பட்டது. தூக்கி வைத்தார். பலகை முறுக்கிக்கொண்டு 'கிரீச்' என்றது.

"தாங்காதுங்க," என்றாள் மனைவி. "அதுக்குள்ள இருக்கிற அந்தப் பெரிய இரும்பு உருண்டையைக் கழட்டிக் கீழ வைங்க. வாசப்பக்கம் செருப்பு ஸ்டாண்டுல இடம் இருக்கு."

"உனக்கென்ன தெரியும்? எல்லாம் ஒரே பெட்டியில இருக்கணும். அதுதானே இதோட அழகு."

"அப்ப அழகைக் கட்டிலுக்கு அடியில வைங்க."

நூலகர் முணுமுணுத்துக்கொண்டே பெரிய டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றினார். வாசலோரம் செருப்பு ஸ்டாண்டில், அவருடைய ஆபீஸ் செருப்புக்கும் மனைவியின் வெளிச்செருப்புக்கும் நடுவே அதை வைத்து, நீளமாக ஒரு வயர் இழுத்து, சுவரோரமாகக் கொண்டுபோய் மேல்தட்டுப் பெட்டியில் சேர்த்தார். எவ்வளவு பெரிய அவமானம் என்று நினைத்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார்.

ஒன்றும் கேட்கவில்லை.

எரிந்துபோய்விட்டது என்று நினைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலியைக் கூட்டினார். ஒன்றும் இல்லை. காதைக் கூண்டோடு ஒட்டி வைத்தார். வாசலில் பால்காரரின் சைக்கிள் போவது கேட்டது. சந்தேகத்தோடு ஊசியை இறக்கினார்.

வயலின் வந்தது. எலுமிச்சம்பழத்தில் வந்தது மாதிரி இல்லை. வில் நரம்பைத் தொடுவதற்கு முன்னால் வாசிப்பவர் இழுத்த மூச்சுகூடக் கேட்டது. பெரிசு தூரத்தில் செருப்புகளோடு முனகிக்கொண்டிருந்தது. சின்னதின் காதுக்கு அது எட்டவே இல்லை. தட்டி நசுங்கிய டப்பாவே மிச்சத்துக்குப் போதுமாக இருந்தது.

நூலகர் பின்னறைக்கு ஓடினார். மிஷின் 'டர்ர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

"வந்து கேளு. இரைச்சல் போயிருச்சு."

"அதான் ஞாயித்துக்கிழமையே போயிருச்சே. எல்லாரும் கேட்டோமே."

"இது நிஜமா."

"அப்ப அது?"

"அதுவும்... அதை விடு. இப்ப கரண்ட் இருக்கும்போதே போயிருச்சு."

அவள் மிஷினை நிறுத்தினாள். உதடுகளுக்கு நடுவே குண்டூசிகளோடு எழுந்து வந்து, முன்னறையில் கதவில் சாய்ந்து நின்றாள். தட்டின் ஒரு பக்கம் முடியும்வரை நின்று கேட்டாள். பேச முடியாததால் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நூலகருக்கு ரூம் போனதுகூட மறந்துவிட்டது. குண்டூசியை எடுத்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குங்க," என்றாள். இந்தத் தடவை அதில் வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை. திரும்பப் போய் மிஷினில் உட்கார்ந்தாள்.

ஒருத்தி கேட்டுவிட்டாள். ஆனால் இவ்வளவு பெரிய வெற்றியை ஒருத்தியோடு நிறுத்த நூலகருக்கு மனம் வரவில்லை. உலகத்துக்குச் சொல்லவும் வழியில்லை. உலகம்தான் ஏற்கெனவே கைகொடுத்துப் பாராட்டிவிட்டுப் போய்விட்டதே. இருந்தாலும் சகலையை மறுபடி வரச் சொல்லலாம். புதுசாக ஒரு தட்டு கிடைத்திருக்கிறது என்று சொன்னால் போயிற்று. ஃபோனை எடுத்தார்.

"சகலை, வர்ற ஞாயிறு சும்மாதானே? வாங்க. பெட்டியை இன்னும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றார் சகலை. "எனக்கும் அதே மாதிரி ஒண்ணு செஞ்சு கொடுங்க சகலை. எங்க தெருவுல அடிக்கடி கரண்ட் போயிடுது."

பின்னால் மனைவியின் அக்கா சிரிப்பது ஃபோனில் தெளிவாகக் கேட்டது. இரைச்சலே இல்லை.

நூலகர் ஃபோனைக் கீழே வைத்துவிட்டுப் பின்னறை வாசலில் போய் நின்றார். நூலகத்தில் ஹாலையே அடக்குகிற அந்தப் புருவத்தைத் தூக்கினார்.

மனைவி மிஷினிலிருந்து காலை எடுக்காமல் சொன்னாள். "அத்தான்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லலைங்க. அக்காகிட்டதான் சொன்னேன்."